புஷ்பவள்ளி சொல்லாத பாதி

புஷ்பவள்ளி கழிவறையில் விளக்குப் போடுவதை நிறுத்தி ஏழு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவள் எழுவது ஐந்து மணிக்கு. கணவர் அழகேசனும் மகள் தனுஜாவும் எழ ஆறாகிவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் அவளுக்கு இரண்டு வேலைகள் இருந்தன. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, விறைத்துப்போன முழங்கால்களையும் கணுக்கால்களையும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, அவற்றை நிற்கச் சம்மதிக்க வைக்க வேண்டும். பிறகு இருட்டிலேயே கழிவறைக்குப் போய், இருட்டிலேயே மூன்று வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வர வேண்டும். விளக்கைப் போட்டால் நிறம் தெரியும். நிறம் தெரிந்தால் அதற்கு ஒரு பெயர் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பெயர் அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

அவளுக்குப் பத்தொன்பது வயதாக இருக்கும்போது அவளுடைய அப்பா சின்னையா குடலில் புற்றுநோய் வந்து இறந்தார். மரம் வெட்டிய ஆள், கோடாரியைத் தோளில் வைத்துக்கொண்டு ஈஜோக் கடைத்தெருவரை நடந்தே போய் வந்த ஆள், இருபத்தேழு நாளில் ஒரு பாயளவுக்குச் சுருங்கிப் போனார். அவர் படுத்திருந்த துணிகளைத் துவைத்தவள் புஷ்பவள்ளி. அந்தத் தண்ணீரின் நிறம் இருபத்தொன்பது வருடங்களாக அவளுக்குள் கலங்காமல் கிடந்தது. போன தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அதே நிறத்தைத் தன் வீட்டுக் கழிவறையில் பார்த்தாள். அன்றோடு விளக்கை விட்டுவிட்டாள்.

அவளுக்கு வேலை ஈஜோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் நாற்றுப்பண்ணையில். கறுப்புப் பைகளில் மண் நிரப்ப வேண்டும், கன்றுகளைச் சுற்றிக் களை பிடுங்க வேண்டும், வாடியதைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். எல்லாம் குந்தி உட்கார்ந்து செய்யும் வேலை. சுற்றிலும் வங்காளதேச ஆட்களும் இந்தோனேசியப் பெண்களும்தான். தமிழ்ப் பெண்கள் என்று மிஞ்சியிருந்தது இரண்டு பேர். இன்னொருத்தியின் பெயர் சின்னம்மா. அவளுக்கும் இவளுக்கும் ஒரே வயது, தோட்டத்தில் ஒரே லயத்துக் குடியிருப்பில் பிறந்தவர்கள், ஒரே வரிசையில் இருபது வருடங்களாகக் குந்தியிருப்பவர்கள்.

முழங்கால் வலி வந்தது இரண்டு தீபாவளிக்கு முன்னால். முதலில் வலது முட்டி பந்தாக வீங்கியது. பிறகு இடது. பிறகு கணுக்கால்கள்.

"வாங்க மகாராணி, நாற்காலி போடட்டுமா?" என்பாள் சின்னம்மா, இவள் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்து.

"போடு லா. மெத்தையும் சேத்துப் போடு."

"முட்டி தேஞ்சு போச்சுடி உனக்கு. இருவது வருஷம் குந்திக்கிட்டே கெடந்தா இரும்பே தேயும்."

"அப்ப உனக்கு ஏன் தேயல?"

"நான் எங்கடி குந்தினேன்? உக்காந்து பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்!"

தேய்மானம் என்ற காரணம் எல்லாருக்கும் வசதியாக இருந்தது. அழகேசன் அதை நம்பினார். தனுஜா எண்ணெய் வாங்கி வந்தாள். புஷ்பவள்ளிக்கும் அது பிடித்திருந்தது, ஏனென்றால் முட்டி வலி யாரிடமும் சொல்லத்தக்க நோவு. பெருமாள் கோயிலில் சொல்லலாம், கல்யாண வீட்டில் சொல்லலாம், நாலு பேர் வைத்தியம் சொல்வார்கள். அதே தீபாவளியோடு வயிறும் கெட்டுப்போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாளுக்கு நாலு தடவை, ஆறு தடவை. வயிறு முறுக்கிப் பிடித்தால் அந்த நொடியே ஓட வேண்டும். ஒரு வாரம் சும்மா இருக்கும். பிறகு திரும்ப வரும். அது திரும்ப வரும் வாரங்களில் முட்டிகளும் அதிகமாக வீங்கின. இதை அவள் பார்க்காமல் இல்லை. கஷ்டம் ஜோடியாகத்தான் வரும்போல என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் அவள் மனம் ஓர் அடி நகர மறுத்தது.

அரசாங்க கிளினிக்கில் அவள் முட்டியை மட்டும் காட்டினாள். அதற்குப் பயம் ஒரு காரணம். இன்னொரு காரணம் பயத்தைவிடப் பழையது.

அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது தோட்டத்து மருந்தகத்தை நடத்தியவரை எல்லாரும் டிரசர் என்பார்கள். காலையில் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கு எடுப்பது, தொடங்குமுன் நோயாளிகள் அவர் வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். அவர் நிமிர்ந்து பார்க்காமல் "என்ன?" என்பார். "காய்ச்சலுங்க" என்றால் கையைத் தொட்டுப் பார்த்து மாத்திரையும் விடுப்புச் சீட்டும் கொடுப்பார். "காய்ச்சலுங்க, காலும் வலிக்குதுங்க" என்றால் பேனாவை மூடிவிடுவார். "ரெண்டுல எது பொய்?" என்பார். இரண்டு நோவு சொன்னவன் வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறவன் என்பது அவர் முடிவு. வேலையை மேற்பார்த்த மண்டோருக்கும் அதே முடிவு. அதனால் அம்மாக்கள் பிள்ளைகளை வரிசையில் விடும்முன் சொல்லி அனுப்புவார்கள்: ஒன்னுதான் சொல்லணும், எது ரொம்ப வலிக்குதோ அதை மட்டும் சொல்லு. டிரசர் செத்து முப்பது வருடம் ஆகிவிட்டது. மருந்தகம் இருந்த இடத்தில் இப்போது உரமூட்டை அடுக்கியிருக்கிறது. இருந்தும் அந்தத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் எந்த மருத்துவருக்கு எதிரே உட்கார்ந்தாலும் ஒரு நோவை மட்டுமே எடுத்து வைத்தார்கள். கொடுமைக்காரர்கள் போன பிறகும் அவர்களுக்குப் பயந்து கற்றுக்கொண்ட ஒழுங்கு போவதில்லை. நாளடைவில் அதை மரியாதை என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

கிளினிக்கில் கொடுத்த மாத்திரை வேலை செய்யவில்லை. கடையில் கிடைத்த மஞ்சள் மாத்திரை வேலை செய்தது. அதை விழுங்கினால் முட்டி அடங்கும், இரண்டு நாளில் வயிறு பொங்கும். ரத்தப் பரிசோதனையில் ஏதோ சரியில்லை என்று கிளினிக் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. மூட்டு நோய்களுக்கென்று அங்கே தனி டாக்டர் இருந்தார். பெயர் பிரமிளா. முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். தனுஜா விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்தாள். ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், எந்த டாக்டரிடமும் இங்கிலீஷில் பேசிவிடுவாள். ஆனால் டாக்டர் பிரமிளா தமிழிலேயே கேட்டார், அதுவும் புஷ்பவள்ளியைப் பார்த்தே கேட்டார்.

"காலைல எவ்வளவு நேரம் விறைப்பா இருக்கும்மா?"

"ஒரு மணி நேரம் டாக்டர்."

"கண்ணு செவந்து வலிச்சிருக்கா? தோல்ல ஏதாவது?"

"இல்ல டாக்டர்."

"வயிறு எப்படி? வெளிய போறதுல ஏதாவது மாத்தம்? ரத்தம், சளி?"

பக்கத்தில் மகள். எதிரே திறந்த பேனா.

"நல்லா இருக்கு டாக்டர்."

"உங்க ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கே. மாச நாள்ல அதிகமாப் போகுதா?"

"ஆமா டாக்டர். ரொம்ப."

அது அவளுக்கு நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தனுஜாவுக்கு அது தெரியாது. டாக்டர் தாளைப் புரட்டினார். உடம்பில் அழற்சி மிக அதிகம், ஆனால் வழக்கமான முடக்குவாதத்துக்கான அடையாளம் ரத்தத்தில் இல்லை, ஏதோ ஒன்று விட்டுப்போகிறது என்றார். வலிக்கு வேறொரு மாத்திரையும் வயிற்றைக் காக்க ஒன்றும் எழுதினார். "மலத்துல ரத்தம் தெரிஞ்சாலோ கறுப்பாப் போனாலோ அன்னைக்கே நிறுத்திட்டு வாங்க. காத்திருக்காதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். புஷ்பவள்ளி இரண்டு தடவையும் தலையாட்டினாள். இருட்டில் போகிறவளுக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

அந்த மாத்திரை அற்புதமாக வேலை செய்தது. ஒன்பதாம் நாள் காலையில் அவள் வரிசைகளுக்கு நடுவே நொண்டாமல் நடந்தாள். "என்னடி, மகாராணி டான்ஸ் ஆடுறா!" என்று சின்னம்மா கத்தினாள். பதினோரு மணி வாக்கில் வயிறு முறுக்கியது. கழிவறை பண்ணையின் மறுகோடியில், தண்ணீர் பம்ப் பக்கத்தில் இருந்தது. முட்டி வலிக்கவே இல்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவளால் ஓட முடிந்தது. ஓடியும் போய்ச் சேரவில்லை.

கன்றுப் பைகளுக்கு நடுவில் கையூன்றி உட்கார்ந்துவிட்டாள். வானம் மங்கலாகத் தெரிந்தது. பின்னாலேயே வந்த சின்னம்மா நின்றுவிட்டாள்.

"ஏய்... என்னாடி இது ரத்தம்?"

"மாசக் கணக்குடி. போ."

"எந்த மாசம்? உனக்கும் எனக்கும் ஒரே சமயத்துலதானே நின்னுச்சு? பாயசம் வச்சுக் குடிச்சமே, மறந்துட்டியா?"

சின்னம்மா வேலை உடைக்கு மேலே கட்டியிருந்த தன் கைலியை அவிழ்த்து இவள் இடுப்பில் சுற்றினாள். கேலி எல்லாம் போய்விட்டது.

"அவருகிட்ட சொல்லாத, சின்னம்மா. ஒன்னு கேக்குறேன், சொல்லாத."

"போன் அடிச்சாச்சு லா. வந்துக்கிட்டு இருக்காரு. இனிமே என்னைத் திட்டு."

அதே தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் அழகேசன் டிராக்டரிலேயே வந்தார், பின்னால் செம்பனைப் பழக்குலைகள் இறக்காமல் குவிந்து கிடந்தன. எதுவும் கேட்கவில்லை. அவளைத் தூக்கி டிராக்டரில் வீடுவரை கொண்டுபோய், அங்கே நின்ற காடியில், தங்கள் காரில், படுக்க வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் காலை டாக்டர் பிரமிளா வார்டுக்கு வந்து திரையை இழுத்துவிட்டுப் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் கொடுத்த மாத்திரையால குடல் புண்ணாயிருக்குன்னு எமர்ஜென்சில எழுதியிருக்காங்க. அப்படித்தானாம்மா?"

அந்தக் கேள்வியில் ஒரு கதவு திறந்திருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். மாத்திரையை நிறுத்துவார்கள், வீட்டுக்கு அனுப்புவார்கள், அவள் மறுபடியும் தன் இருட்டுக்குள் போய்க்கொள்ளலாம். இருபத்தேழு நாளோ இருநூறு நாளோ, யாரும் பெயர் சொல்லாமல் வாழலாம். அவள் அந்தக் கதவை நெடுநேரம் பார்த்தாள். கடைசியில் அவள் சொன்னதைத் துணிச்சல் என்றால் அது மிகை. மறைப்பதற்கு ஒரு முழுமை வேண்டும். சின்னம்மா பார்த்துவிட்டாள், கணவர் தூக்கிவிட்டார். பாதி உடைந்துபோன பொய்யைத் தூக்கி நிறுத்த அவளுக்குத் தெம்பில்லை.

"ரெண்டு நோவு இருக்கு டாக்டர்" என்றாள். "உங்ககிட்ட ஒன்னுதான் சொன்னேன்."

"ரெண்டாவதையும் சொல்லுங்க."

"ரெண்டு வருஷமா வயித்தோட்டம். ஏழு மாசமா ரத்தம். மாச நாள்னு சொன்னது பொய்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எங்கப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்திருச்சு. எனக்குத் தெரியும்."

டாக்டர் திட்டவில்லை. குரல்கூட மாறவில்லை. "வயிறு மோசமா இருக்கிற வாரத்துல முட்டி எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

"அப்பதான் ரொம்ப வீங்கும்."

"வயிறு அடங்கினா?"

"அதுவும்... அடங்கும்."

சொல்லும்போதே புஷ்பவள்ளிக்குப் புரிந்தது. நாற்றுப்பண்ணையில் ஒரு கன்றின் இலை பழுத்தால் யாரும் இலைக்கு மருந்து போடுவதில்லை. பையைக் கிழித்து வேரைப் பார்ப்பார்கள். இருபது வருடங்களில் ஆயிரம் பைகளைக் கிழித்திருப்பாள். அந்த அறிவு அவள் கையில் இருந்தது, தன் உடம்பைப் பார்க்கும்போது மட்டும் அது உதவவில்லை. அறிவு ஒருபோதும் பயத்தைக் கேட்காமல் வேலை செய்வதில்லை.

"அப்ப உங்களுக்கு இருக்கிறது ரெண்டு நோவா இல்லாம இருக்கலாம்மா" என்றார் டாக்டர். "குடலோட உள்சுவர் வேலி மாதிரி. உள்ள கோடிக்கணக்குல கிருமிங்க இருக்கு. நெறைய கிருமிங்க நமக்கு நல்லதுதான் செய்யுது. வேலி நல்லா இருந்தா அதுங்க பாட்டுக்கு இருக்கும். வேலி புண்ணாயிட்டா நம்ம உடம்போட காவல்காரங்களுக்கு வெறி வந்துடும். குடலோட நிக்க மாட்டாங்க. முட்டிக்குப் போவாங்க, கணுக்காலுக்குப் போவாங்க, சில பேருக்குக் கண்ணுக்கும் போவாங்க. ஏன் இப்படி ஆரம்பிக்குதுன்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது. ஆனா வலி மாத்திரை அந்த வேலிய இன்னும் பிச்சுப்போடும். அதத்தான் நீங்க போட்டீங்க, நானும் தெரியாம கொடுத்தேன்."

"அப்ப கேன்சர் இல்லையா?"

"பாக்காம சொல்ல மாட்டேன்."

"எங்கப்பாவும் காலைல முட்டியத் தேச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு டாக்டர். பெரட்டுக்குப் போகுமுன்னால."

"அவருக்கு என்னன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா. உங்களுக்கு என்னன்னு பாக்கலாம்."

மூன்றாம் நாள் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். அதற்கு முந்தின நாள் முழுக்க உப்புக்கரிக்கும் மருந்துத் தண்ணீரைக் குடித்துக் குடித்து வெளியேற்றினாள். வார்டின் கழிவறையில் விளக்கு தானாகவே எரியும், அணைக்க வழியில்லை. மயக்கம் தெளிந்தபோது சின்னச் சின்னத் துண்டுகள் வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு வாரம் ஆகும்.

அந்த இரண்டு வாரம் அவள் வீட்டில் இருந்தாள். தனுஜா முதல் நாள் கோபித்தாள். "என்கிட்ட கூட பொய் சொல்லியிருக்கீங்கம்மா. பக்கத்துலயே உக்காந்திருந்தேன்ல?" பிறகு அவள் கோபம் தீர்ந்து, அம்மா கழிவறைக்குப் போனால் கதவுக்கு வெளியே போனைப் பார்ப்பதுபோல் நின்றாள். அழகேசன் வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தார். சின்னம்மா தினம் சாயங்காலம் வந்து பண்ணைக் கதை சொன்னாள். "நீ இல்லாம வரிசை பூரா களை. மண்டோர் என்னைத்தான் மொறைக்கிறான்." எல்லாரும் எதைப் பற்றிப் பேசவில்லையோ அது வீட்டில் இன்னொரு ஆள்போல நடமாடியது. புஷ்பவள்ளி தனக்குத் தெரிந்த கணக்கையே போட்டுக்கொண்டிருந்தாள்: அப்பாவுக்கு வயது நாற்பத்தொன்பது. எனக்கு நாற்பத்தெட்டு. வலி மாத்திரை நிறுத்தியதால் முட்டிகள் மறுபடி வீங்கின. அந்த வலி அவளுக்கு ஒரு துணைபோல இருந்தது, வேறெதையும் நினைக்க விடாத துணை.

முடிவு சொல்லும் நாளில் ஆஸ்பத்திரி வாசலில் காடி நிறுத்த இடமில்லை. "நீ உள்ள போ. நான் சுத்திக்கிட்டு இருக்கேன்" என்றார் அழகேசன். தனுஜாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. புஷ்பவள்ளி தனியாக உள்ளே போனாள். கை பிடிக்க ஆளில்லாமல் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கேன்சர் இல்லம்மா" என்றார் டாக்டர் பிரமிளா, அவள் உட்காருமுன்பே. பெருங்குடலின் ஒரு நீளம் முழுக்கப் புண், நாள்பட்ட அழற்சி, மூட்டு வலி அதோடு சேர்ந்தது. குடலுக்கும் மூட்டுக்கும் சேர்த்தே வேலை செய்யும் மாத்திரை ஒன்று இருக்கிறது. முதல் சில வாரங்களுக்கு இன்னொரு மருந்தும் வேண்டும். வலி மாத்திரை கடையில் வாங்கவே கூடாது.

"சரியாப் போயிடுமா டாக்டர்?"

"அடங்கும். முழுசாப் போகாது. திரும்பத் திரும்ப வரலாம்."

"பெறகு கேன்சரா மாறுமா?"

டாக்டர் அதற்கு உடனே பதில் சொல்லவில்லை. அதற்காகவே புஷ்பவள்ளி அவரை நம்பினாள். "மத்தவங்களவிடக் கொஞ்சம் அதிக வாய்ப்பு இருக்கு. புண்ண அடக்கி வச்சா அது குறையும். அதனால சொல்ற காலத்துல வந்து கேமரா போட்டுப் பாக்கணும். ஒன்னு தெரிஞ்சாலும் ஒளிக்கக்கூடாது."

வெளியே வந்தபோது அழகேசன் காடியோடு வாசலுக்கே வந்து நின்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏறு, பின்னால ஹாரன் அடிக்கிறான்" என்றார். ரேடியோவில் பாட்டு. வழியெல்லாம் பாலத்தில் போடும் புதுத் தாரைப் பற்றியும் லோரிக்காரர்களைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். அவர் கேட்கமாட்டார் என்று அவளுக்குப் புரிய இருபது நிமிடம் ஆனது. ஈஜோக் சாலை திரும்பியதும் அவளே ரேடியோவை அணைத்துவிட்டுச் சொன்னாள். கேன்சர் இல்லை என்பதையும் சொன்னாள், வரலாம் என்பதையும் சொன்னாள், எதையும் விடவில்லை.

அழகேசன் தலையாட்டினார். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு சிக்னல் போடாமலேயே காடியைச் சாலையோரப் புல்லில் இறக்கி நிறுத்தினார்.

"என்னங்க?"

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை அவர் பேச்சைக் கேட்காமல் ஆடிக்கொண்டிருந்தன.

"நீ போயிருவேன்னுதான் நெனச்சிட்டேன், புஷ்பா" என்றார். "இந்த ரெண்டு வாரமா உன்ன நெனச்சு நெனச்சே எனக்கு வண்டி ஓட்ட வரல. நேத்து டிராக்டர கால்வாயில எறக்கிட்டேன். யாருகிட்டயும் சொல்லல."

பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று காடியை உலுக்கிவிட்டுப் போனது. புஷ்பவள்ளிக்குத் தன் பயம்தான் அந்த வீட்டிலேயே பெரியது என்ற நினைப்பு இருந்தது. அது தவறென்று இப்போது தெரிந்தபோது ஆறுதல் வரவில்லை, வேறொரு பயம்தான் வந்தது. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அவர் கைகள் நிற்கும்வரை, வலிக்கும் கால்களை நீட்டிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.